முத்தாயி பெயர் வெட்டிய கரண்டி

காளிமுத்து ஊரறியச் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் யோசித்துச் சொல்லவில்லை. மலாக்காவின் குருபோங்கில் அந்த மலிவு விலை வீட்டுக்கு அவரும் மனைவி மீனம்மாவும் குடிவந்த அன்று, பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பேச்சுக் கொடுத்தான்.

"அண்ணே என்னா வேல?"

"லோரி ஓட்றேன்."

"என்னா லோரிண்ணே?"

காளிமுத்து தூக்கிக்கொண்டிருந்த அலமாரியைக் கீழே வைத்தார். மீசையை ஒரு தரம் தடவினார்.

"தண்ணி லோரி."

மீனம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஓட்டியது வீடுகளின் கக்கூஸ் தொட்டியை உறிஞ்சி எடுக்கும் லோரி. பருத்த குழாயைத் தொட்டிக்குள் இறக்கி மோட்டாரைப் போட்டால் போதும், ஒரு தெருவின் வண்டவாளம் முழுவதும் பின்னால் இருக்கும் டாங்கியில் ஏறிவிடும். நேர்மையான வேலை, நிரந்தரச் சம்பளம். அதைச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. அன்று ராத்திரிச் சோறு போடும்போது மீனம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் தப்பு என்று பின்னால் எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏன் வாய் வரவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். காளிமுத்துவின் அப்பா இருளாண்டி, ஐம்பதுகளில் மலாக்கா டவுனில் கக்கூஸ் வாளி எடுத்தவர். அப்போது கடைவீடுகளுக்கு முதுகுப் பக்கமாக ஒரு சந்து ஓடும். ஒவ்வொரு பின்சுவரிலும் முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து, நிறைந்த வாளியை இழுத்து, காலி வாளியை உள்ளே தள்ளிவிட்டுப் போக வேண்டும். டவுனுக்குள் வாந்திபேதி வராமல் காத்தது யார் என்று கேட்டால், எல்லோரும் வெள்ளைக்கார டாக்டர் துரையைச் சொன்னார்கள். இருளாண்டியை ஒருவரும் சொல்லவில்லை. கோப்பிக் கடையில் அவருக்கென்று ஒரு பால் டின் தனியாக ஆணியில் தொங்கியது. கடைக்காரர் வேறு யாருமில்லை, நம்மவர்தான். டின்னைக் கையால் தொடமாட்டார், தூர நின்று ஊற்றுவார். ஏழு வயதில் ஒரு நாள் காளிமுத்து அப்பாவோடு போய் அந்த டின்னில் தேத்தண்ணி குடித்தார். அந்தத் தேத்தண்ணி நாற்பது வருஷமாகியும் அவருக்குச் செரிக்கவில்லை. மீனம்மா வீட்டில் மறந்தும் ஒரு பால் டின்னைக் கழுவி வைக்கக் கூடாது. கண்ணில் பட்டால் நசுக்கித் தூர எறிந்துவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம், 'உண்மையைச் சொல்லுங்கள்' என்று எந்த வாயால் சொல்வது? பொய் அவர்களோடு ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியது. தாமான் முழுவதும், குடியிருப்பில் ஒரு வீடு விடாமல், அவருக்கு 'தண்ணி லோரி அண்ணன்' என்று பெயர். வேலை முடிந்ததும் டெப்போவிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றி, பவுடர் பூசிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். புவனேஸ்வரனின் நாலு வயது மகள் தேவிஸ்ரீ அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும், "தாத்தா!" என்று ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவ்வளவு பவுடரும்.

அந்த ஏழு வருஷத்தில் அவர் வீட்டிலிருந்து லோரிக்குக் கொண்டுபோன ஒரே சாமான் ஒரு தோசைக்கரண்டி. லோரி டாங்கியின் வால்வுப் பிடி ஒடிந்துபோனது. புதுசு வாங்கித் தர முதலாளி தவுக்கேக்கு மனசு வரவில்லை. காளிமுத்து மீனம்மாவின் எவர்சில்வர் கரண்டியை எடுத்துப்போய், இலையை வெட்டி எறிந்து, காம்பை மட்டும் ஆணி போட்டு முறுக்கிவிட்டார். சாதாரணக் கரண்டியா அது? அவள் அம்மா முத்தாயி ஜாசின் டவுன் பாத்திரக் கடையில் வாங்கி, பெயர் வெட்டி, கல்யாணத்துக்குக் கொடுத்தது. காம்பில் புள்ளி புள்ளியாக 'முத்தாயி' என்று இருக்கும். "எங்கம்மா பேரு போட்டத கொண்டுபோயி எதுல மாட்டிருக்கீங்க, அறிவு இருக்கா?" என்று மீனம்மா ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேருமே அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அது மூன்று வருஷத்துக்கு முந்திய கதை.

தொண்ணூற்றொன்றில் மலாக்காவுக்கு வானம் கைவிரித்தது. டுரியான் துங்கால் அணை அடிமண் தெரிய வற்றியது. குழாயைத் திறந்தால் காற்றுதான் சீறியது. அரசாங்கத் தண்ணீர் லோரி மூன்று நாளைக்கு ஒரு தரம் வரும். இந்தத் தாமான் கடைசித் தெரு என்பதால் அது வந்து சேரும்போது டாங்கியில் பாதிகூட இருக்காது. பெண்கள் பாத்திரம் கழுவிய தண்ணீரில் துணி அலசி, துணி அலசிய தண்ணீரைக் கக்கூஸில் ஊற்றினார்கள். அந்த நேரம் பார்த்து ஆடித் திருவிழா வந்தது.

கோயில் கமிட்டித் தலைவர் வேறு யார், புவனேஸ்வரன்தான். கமிட்டி ஆட்கள் நாலு பேரோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, அபிஷேகத்துக்குத் தண்ணி இல்ல. பானகம், நீர்மோரு, கூழு, எல்லாத்துக்கும் தண்ணி வேணும். தண்ணி லோரி ஓட்ற ஆளு நம்ம தாமான்லயே இருக்கறப்ப நாம வெளியில போயி கையேந்தறதா? ஒரே ஒரு லோரி தண்ணி கொண்டாந்துருங்கண்ணே. ஆத்தா உங்கள நல்லா வெப்பா."

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டால் குடையத்தானே செய்யும்? மீனம்மா கதவோரம் நின்று கண்ணால் ஜாடை காட்டினாள், முடியாது என்று சொல்லுங்கள் என்று. காளிமுத்து அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"அதுக்கென்னா. கொண்டாந்துருவோம்."

அவர்கள் போனதும் மீனம்மா படபடத்தாள். "எங்கேர்ந்துங்க கொண்டு வருவீங்க?"

"தவுக்கேவோட தம்பி தண்ணி லோரி ஒண்ணு வச்சிருக்கான். ஒரு நாளைக்குக் கேட்டிருக்கேன்."

அவள் நம்பினாள். நம்பியதோடு விடவில்லை, அப்பாடா என்று சாமி படத்துக்குக் கற்பூரமும் காட்டினாள். அடுத்த நாலு நாள் காளிமுத்துவின் கையில் பவுடர் வாசனைக்குப் பதிலாகக் குளோரின் நெடி அடித்தது. உள்ளங்கைத் தோல் வெளுத்து உரிந்திருந்தது. "லோரிய கழுவிக் குடுக்கணும்ல" என்றார். அது எந்த லோரி என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

திருவிழாவன்று காலை ஒன்பது மணிக்கு லோரி வந்தது. புது நீலப் பெயிண்ட், வெயிலில் பளபளத்தது. பக்கவாட்டில், சுத்தமான தண்ணீர் என்று மலாய் மொழியில் பெரிய வெள்ளை எழுத்து. உறுமி மேளம் முழங்க, இளவட்டங்கள் விசிலடிக்க, புவனேஸ்வரன் பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி லோரியைச் சுற்றி உடைத்தான். காளிமுத்து இறங்கி வந்ததும் அவர் கழுத்தில் ரோஜா மாலை விழுந்தது. அந்த மனிதரின் முகம் அப்போது இருந்த இருப்பை மீனம்மா கல்யாண மேடையில்கூடப் பார்த்ததில்லை. அவளுக்கே கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சந்தோஷம் கொடுக்கிற பொய் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள்.

முதல் குடம் கருவறைக்குப் போனது. அடுத்தது பானகத் தொட்டிக்கு. மூன்றாவதாகப் பெண்கள் வரிசை. "அக்காதான் மொதல்ல" என்று புவனேஸ்வரனின் மனைவி கோமளா அவளை முன்னால் தள்ளிவிட்டாள். கோமளாவின் இடுப்பில் தேவிஸ்ரீ, கையில் ஒரு டம்ளரை வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மீனம்மா குனிந்து வாளியை வால்வுக்குக் கீழே வைத்தாள். பிடியைத் திருப்பக் காளிமுத்து கை நீட்டுவதற்குள் அவளே கை நீட்டினாள். விரலில் ஏதோ நெருடியது. புள்ளி புள்ளியாக.

நீலப் பெயிண்ட் அந்தப் புள்ளிகளை மூடவில்லை. மு. த். தா. யி.

அவளுக்குக் காது அடைத்தது. உறுமி எங்கோ தூரத்தில் அடித்தது. கையை எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை. அம்மாவின் பெயரைத் தடவிக்கொண்டே அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்கள், அதைக் கழற்றி இந்த லோரியில் மாட்டினேன் என்று சொல்லுங்கள், எந்தப் பொய்யானாலும் சொல்லுங்கள், நம்பிக்கொள்கிறேன். காளிமுத்து கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டே வேறு பக்கம் பார்த்தார்.

"என்னங்க, இது என் கரண்டி."

"வாளிய புடி மீனா. அப்பறம் பேசலாம்."

"அந்த லோரியா இது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏழு தரம் கழுவிட்டேன். சவுக்காரம் போட்டு, குளோரின் போட்டு, மஞ்சத்தண்ணி விட்டு, கடைசியா கோமியமும் தெளிச்சி கற்பூரம் காட்டிட்டேன். தண்ணி ஜாசின் பக்கத்து ஆத்துத் தண்ணி, கண்ணாடி மாரி இருக்கு. சாமிக்கு எப்படிச் செய்யணுமோ அப்படிச் செஞ்சிருக்கேன்லா. சத்தம் போடாத."

மீனம்மா அந்தப் பிடியையே பார்த்தாள். கோமியம்! டாங்கியின் இடுக்கிலும் குழாயின் வளைவிலும் பல வருஷமாக ஒட்டியிருப்பதற்குக் கோமியம்! அவள் பிறந்த ஜாசின் ரப்பர் தோட்டத்தில் அவள் தம்பி மூன்று வயதில் ஒரே நாளில் வாந்திபேதியில் போனான். லயத்துக் கிணற்றுக்கும் கக்கூஸுக்கும் பத்தடிதான் தூரம். "கண்ணுக்குத் தெரியறது அழுக்கு, தெரியாததுதான் எமன்" என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் அன்று அவள் அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயரைத்தான் இப்போது விரலால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

வாயைத் திறந்தால் புருஷன் மானம் போய்விடும். திறக்காவிட்டால் ஊர்ப் பிள்ளைகளின் உயிர் போய்விடும். யோசிக்க இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். இருபத்து மூன்று வருஷம் ஒருவரோடு ஒரே பாயில் படுத்தவளுக்குத்தான் அந்த வலி தெரியும். அவளுக்கு மூன்றாவது வழி ஒன்று தோன்றியது. பிடியை ஒரே இழுப்பில் முழுதாகத் திறந்தாள். தண்ணீர் பீறிட்டு அவள் சேலையை நனைத்து, வாளியைப் புரட்டித் தள்ளித் தெருவில் ஓடியது. மூட வந்த காளிமுத்துவின் கையைத் தட்டிவிட்டு, பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். ஓடட்டும். எல்லாம் ஓடித் தொலையட்டும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

"ஐயோ, தண்ணி, தண்ணி!" என்று கத்தினார்கள். அவள் தலைமுடி அவிழ்ந்து விழுந்திருந்தது. உடம்பு நடுங்கியது. கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"ஆத்தா வந்துட்டா! மீனா மேல ஆத்தா எறங்கிட்டா!"

உறுமிக்காரர்கள் ஓடிவந்து அவளைச் சுற்றி நின்று இரட்டை வேகத்தில் அடித்தார்கள். புவனேஸ்வரன் அவள் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசிக் கைகூப்பினான். "ஆத்தா, என்னா கொறை? சொல்லும்மா!"

மீனம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் அதை. ஆத்தாவே சொல்லட்டுமே! "கொட்டுங்கடா! அந்தத் தண்ணிய கொட்டுங்க! யாரும் வாயில வெக்காதீங்க!" என்று அலறினாள்.

"ஆத்தாவுக்குத் தண்ணி பத்தல, கால்ல ஊத்தச் சொல்றா!" என்றாள் அந்தக் கிழவி.

குடம் குடமாக அவள் காலில் ஊற்றினார்கள். ஊற்றியது போதாது என்று, அவள் காலில் பட்டு ஓடிய தண்ணீரைக் குனிந்து கையால் அள்ளினார்கள். கண்ணில் ஒற்றினார்கள். தலையில் தெளித்தார்கள். தீர்த்தம், தீர்த்தம் என்று ஒருவருக்கொருவர் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டார்கள். ஒருத்தி குடித்தே விட்டாள். மீனம்மா கண் முன்னால் அது நடந்தது. அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. சாமி வேஷம் போட்டு ஊரைக் காப்பாற்ற நினைத்தாளே, அந்த வேஷமே விஷத்தைத் தீர்த்தமாக்கிவிட்டது.

"நிறுத்துங்க!" என்றாள். பிடியைத் திருப்பி அடைத்துவிட்டு உறுமியின் தோலில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள். மேளம் நின்றது. "நான் ஆத்தா இல்ல. மீனம்மாதான். இது தண்ணி லோரி இல்ல. கக்கூஸ் தொட்டி உறிஞ்சற லோரி. ஏழு வருஷமா எங்க வீட்டுக்காரரு ஓட்றது இதுதான். இதோ பாருங்க, எங்கம்மா பேரு. என் கரண்டிதான் இது."

வால்வு மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. தீர்த்தம் குடித்தவள் சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

புவனேஸ்வரன் மீனம்மாவைப் பார்த்தான், காளிமுத்துவைப் பார்த்தான், சிரிக்கக்கூட முயன்றான். "அண்ணே, அக்கா என்னாமோ சொல்றாங்க. சாமி எறங்கின மயக்கமாலா? நீங்க சொல்லுங்க."

காளிமுத்து பானகத் தொட்டியின் மேலிருந்த கோயில் சொம்பை எடுத்துக்கொண்டு வந்தார். வால்வைத் திருப்பி, விளிம்பு வரை பிடித்தார். மீனம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடிப்பதற்குள் அண்ணாந்து குடிக்கத் தொடங்கிவிட்டார். குரல்வளை ஏறி ஏறி இறங்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. மனைவியைப் பார்த்தபடியே முழுச் சொம்பையும் குடித்து முடித்துக் கவிழ்த்துக் காட்டினார்.

"பாவி!" என்றாள் மீனம்மா. அவ்வளவுதான் வந்தது. பெயரைக் காப்பாற்ற உயிரையே குடிக்கிறாரே இந்த மனுஷன்!

கூட்டம் மூச்சுவிட்டது. "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல!" என்றான் புவனேஸ்வரன். நாலைந்து பேர் சிரித்தார்கள். "அக்காவ உள்ள கூட்டிட்டுப் போயி படுக்க வைங்க" என்று யாரோ சொல்ல, இரண்டு பெண்கள் மீனம்மாவின் தோளைப் பிடித்தார்கள். அவள் திமிறினாள். வரிசை மறுபடியும் கூடியது. அடுத்த ஆள் கோமளா. வெயிலில் அழ ஆரம்பித்திருந்த தேவிஸ்ரீயை இறக்கிவிட்டு, அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி வால்வில் பிடித்தாள்.

"இந்தா, குடிம்மா. தாத்தா கொண்டாந்த தண்ணி."

குழந்தை இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது.

காளிமுத்துவின் கை பறந்து வந்து டம்ளரைத் தட்டியது. டம்ளர் தார் ரோட்டில் விழுந்து கிணுகிணுவென்று உருண்டு ஓடியது.

"வேணாம்மா!" என்றார். "வேணாம். குடிக்காத. தாத்தா கொண்டாந்தது வேணாம்."

அதற்குமேல் அவரை யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் லோரியின் படியில் உட்கார்ந்தார். மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வாயைப் புறங்கையால் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். புவனேஸ்வரன் ஓரடி பின்னால் போனான். கோமளாவும் போனாள். உறுமிக்காரர்கள் போனார்கள். அத்தனை பேரும் அவரைச் சுற்றி ஓரடி, இரண்டடி என்று நகர்ந்து, நடுவில் ஒரு வெற்றிடம் விட்டுவிட்டார்கள். அந்தத் தூரம் எவ்வளவு என்று காளிமுத்துவுக்கு ஏழு வயதிலேயே தெரியும்.

மீனம்மா பிடித்தவர்களை உதறிவிட்டு வந்து அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம். குடிச்சவங்க எல்லாரும் வரணும், இப்பவே" என்றாள். ஒருவரும் அசையவில்லை.

தேவிஸ்ரீ மட்டும் அம்மா கையை விட்டுவிட்டு, ஈரத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வந்து, அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தாத்தா, எனக்குத் தாகமா இருக்கு" என்றாள்.